நிலம் ஐம்பது, கடல் முப்பது

நெல்லித்திடல்,
நீடாமங்கலம் வழி,
16-5-72

அன்புள்ள ஹலீமாவுக்கு ராசம்மாள் எழுதிக்கொண்டது. நானும் என் முட்டிவலியும் இங்கே சௌக்கியம். நீயும் உன் இளைப்பும் அங்கே எப்படி?

முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் சாமிதுரைக்குத் தஞ்சாவூர் ரோட்டு ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி. அடுத்தவன் இளையபெருமாள் போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் நானூற்றுப் பதினாலு வாங்கினான். பள்ளிக்கூடத்துப் பலகையில் பேர் எழுதிப் போட்டார்கள். நானே போய் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்துவிட்டு வந்தேன். பேத்தி ஆனந்தவல்லியைத்தான் உனக்கே தெரியுமே, போன வாரம் பஸ் ஏறி வந்து உன் கையில் சூடு பார்க்கிற கண்ணாடிக் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனாளே. எங்கள் தெருவில் மதராசுக்குப் போய் எம்.எஸ்சி. படிக்கிற முதல் ஆள் அவள்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு. வெயில் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் விழுகிறது. ஆனால் மண் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறிவிடும். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் விடும். அடுப்பு எரியும்போது வாசல் காற்று அடுப்பைப் பார்த்து ஓடி வருகிறதல்லவா, அதுபோல நாடு முழுக்கக் காய்ந்தால் கடல் காற்று மழையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருமாம். அந்த வித்தியாசம் எவ்வளவு என்று அவள் கணக்குப் போட வேண்டும். நான் மண்ணில் குத்திப் பார்க்கிறேன், நீ கடலில் முக்கிப் பார். விடியலில் ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை. என் நம்பரை வாராவாரம் கார்டில் எழுதி உனக்குப் போடுகிறேன். நீ இரண்டையும் ஒரே நோட்டில் ஏற்றி அவளுக்கு அனுப்பு. ஐந்தாம் வகுப்பிலேயே உன் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும்.

வயலைக் கேட்பாய். பண்ணைக் குத்தகை நிலம் இரண்டு மாவும் நன்றாக இருக்கிறது. குத்தகைப் பதிவேட்டில் என் பேர் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் வமிசத்தில் காகிதத்தில் ஏறிய முதல் பேர். பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதத்துக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ஒரு போகம் தரிசு விழுந்தால் போதும், பேரை அடித்துவிடலாம் என்று பார்க்கிறார். நான் விடுவேனா? நாற்றங்கால் விட்டாகிவிட்டது.

இன்று: விடியலில் 27, மதியம் 48.

ராசம்மாள்


தோப்புத்துறை,
வேதாரண்யம்,
25-5-72

அன்பு ராசம்மாளுக்கு ஹலீமா எழுதுவது. உன் பேரப்பிள்ளைகள் இன்னும் உயரட்டும், இறைவன் துணை இருப்பான்.

கடலுக்கு நானே போய் முக்க முடியுமா? குடையோடு கரையில் நிற்கிறேன். மீன்காரி பூவம்மாள் இடுப்பளவு போய்க் குடத்தில் மொண்டு வந்து வைக்கிறாள். குச்சியை விட்டு நம்பரைப் பார்க்கிறேன். முதல் நாள் அவள் கேட்டாள்: "என்னம்மா, கடலுக்குக் காச்சலா? கஷாயம் வெச்சிக் குடுக்கப் போறீங்களா?" நான் சொன்னேன்: "காச்சல் கரைக்குத்தான். கடல் பக்கத்துல உக்காந்து விசிறுது." அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. கரையெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

என் நம்பரைக் கேட்டால் உனக்குத் தூக்கம் வரும். விடியலில் 29, மதியம் 30. மறுநாள் 29, 30. கடல் எதற்கும் பதற்றப்படுவதில்லை. விடியலில் உன் மண் கடலைவிடக் குளிர்ச்சி என்பதைப் பார்த்தாயா? அந்த நேரத்தில் கரையிலிருந்துதான் காற்று கடலுக்குப் போகிறது. கட்டுமரங்கள் அதில் ஏறிப் போகின்றன. மதியம் காற்று திரும்பிக்கொள்கிறது, அதில் ஏறி வீட்டுக்கு வருகின்றன. பூவம்மாள் புருஷன் இதை எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.

என் மகன் மூஸாவின் உப்பளத்தில் பாத்தியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. மதியம் அந்தப் பக்கம் பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளைதான். நாங்கள் மழை வேண்டாம் என்கிறோம், நீங்கள் மழை வேண்டும் என்கிறீர்கள். மேலே இருப்பவனுக்கு எவ்வளவு சங்கடம் பார்.

ஹலீமா


நெல்லித்திடல்,
8-6-72

அன்புள்ள ஹலீமாவுக்கு,

இந்த வாரம் மதியம் 49, 50, 51, 50, 51, 51, 50. என்னிடம் கடிகாரம் இல்லை. நீடாமங்கலம் ஜங்ஷனில் இரண்டு மணி வண்டி ஊதும், அப்போது குத்துவேன். வண்டி தாமதமானால் அன்றைக்கு எனக்கும் இரண்டு மணி தாமதம்தான், பேத்தியிடம் சொல்லிவிடு.

வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. வரப்பு வேம்படியில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் ஒரு குரல் கேட்காது. களிமண் வெடித்த வெடிப்புக்குள்ளிருந்து சூடு எழுந்து எழுந்து வரும். தூரத்துப் பனைமரங்கள் அடி அறுந்து மிதக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்துவிடும் ஹலீமா, வயல் முழுக்க. அலை அடிக்கும். அதற்குள் வானம் தெரியும். உன் கடல்தான் நடந்து வந்துவிட்டதோ என்று நினைப்பேன். கானல் என்று தெரியும். தெரிந்தும் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்திருப்பேன், நனைந்துவிடும் என்று.

நாற்று ஒரு சாண் வந்துவிட்டது. பச்சை என்றால் கண்ணை உறுத்தாத பச்சை. காற்று தடவிக்கொண்டு போனால் ஒரே சாய்வாகச் சாய்ந்து எழுந்திருக்கிறது. குடகில் இன்னும் மழை இறங்கவில்லை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். இறங்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.

ராசம்மாள்


தோப்புத்துறை,
21-6-72

அன்பு ராசம்மாளுக்கு,

கச்சான் வந்துவிட்டது. மேற்கேயிருந்து வீசும் காற்றை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மதியம் கடல் காற்றை உள்ளே வரவிடாமல் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உலர்ந்த காற்று, பாத்திக்குப் பாத்தி உப்பு கட்டிக்கொள்கிறது. மூஸா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறான். உன் பேத்தி எழுதியிருக்கிறாள், இதே காற்றுதான் மேற்கே மலையில் மழையை இறக்கி வைத்துவிட்டு நம்மிடம் வெறுங்கையோடு வருகிறதாம். மழை பின்னால் ஆற்றில் நடந்து வருமாம். எனக்கு இதை வாசித்ததிலிருந்து காற்றைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

ஒன்று கேட்கலாமா? கேட்காமல் இருக்கலாம் என்று நான்கு நாள் பார்த்தேன். அதே கடிதத்தில் அவள் எழுதியிருக்கிறாள்: ஈர மண் சீக்கிரம் சூடாகாது, தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும், அதனால் பாட்டி நாற்றங்காலுக்குப் பக்கத்தில் குத்துகிறாளா என்று விசாரியுங்கள் என்று. நீ நாற்றங்காலில் நிற்கிறாய். ஐம்பது எழுதுகிறாய். நான் கிழவி, எனக்கு இது ஒன்றும் சரியாகப் புரியவில்லை. வேறு இடத்தில் குத்துகிறாயோ என்னவோ.

ஹலீமா


நெல்லித்திடல்,
29-6-72

ஹலீமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குச்சியில் ஏதோ கோளாறு. மதராசுச் சாமான், நம் ஊர் மண் பழக்கமில்லை.

வயல் என்னுடையது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நாற்று முழங்கால் உயரம், பார்த்தால் திருஷ்டி படும். சாமிதுரை மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கியிருக்கிறான். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மண்ணின் சூட்டை மட்டும் ஆராய்ந்துகொண்டிருக்கிறாய்.

50, 51, 50, 51, 52, 51, 51.

ராசம்மாள்


தோப்புத்துறை,
13-7-72

ராசம்மா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து நம்பர் கார்டு மட்டும் வருகிறது. பக்கத்தில் "நாற்று நலம்" என்று இரண்டு சொல். கோபம் என்று தெரிகிறது. இருக்கட்டும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் திறந்து, உங்கள் பக்கம் வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஏறி ஒரு வாரமாகிறது என்று திருச்சி ரேடியோ சொல்கிறது. ரேடியோ பொய் சொல்லலாம். உப்பு லாரியில் போன மூஸா பொய் சொல்ல மாட்டான். "உம்மா, நீடாமங்கலம் தாண்டினா ரெண்டு பக்கமும் தண்ணியா மினுமினுங்குது" என்றான். உன் நம்பர் இறங்கவில்லை. 51. 51. 50.

அதனால் நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் முற்றத்து மண்ணில் ஒரு பாய் அளவுக்கு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் ஒரு பாய் அளவு காய விட்டேன். மதியம் இரண்டிலும் குச்சியைக் குத்தினேன். ஈரத்தில் 34, காய்ந்ததில் 49. மருமகள் பாத்திமா கதவோரம் நின்று, "மாமி, வெயில்ல மண்டை குழம்பிப் போச்சா?" என்றாள். இல்லை, இப்போதுதான் தெளிந்திருக்கிறது என்றேன்.

நாம் படித்த பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் உன்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தபோது உனக்கும் எனக்கும் ஒரே பலகை. அப்போதும் நீ பசிக்கவில்லை என்றுதான் சொல்வாய். கானல் தண்ணீர் உன் கண்ணை ஏமாற்றும் ராசம்மா, குச்சியை ஏமாற்றாது. வயலில் நாற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. என்ன நடந்தது, சொல்லடி.

ஹலீமா


நெல்லித்திடல்,
18-7-72

ஹலீமா,

உன் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். சொல்கிறேன்.

நாற்று விடவே இல்லை. வைகாசியில் பக்கத்துக் கொல்லையில் போர்செட் தண்ணீர் கேட்டேன். தருகிறேன் என்றவரைக் குஞ்சிதபாதம் கூப்பிட்டுப் பேசினார். பிறகு அவர் மோட்டார் ரிப்பேராகிவிட்டது. சரி, ஆற்றுத்தண்ணீர் வரட்டும் என்று இருந்தேன். தண்ணீர் வந்தது. எல்லார் வயலுக்கும் போகிறது. என் வயல் மடையில் மட்டும் மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்துவிட்டார்கள். மண்வெட்டியோடு போனேன். குஞ்சிதபாதம் குடை பிடித்துக்கொண்டு நான்கு ஆட்களோடு நின்றார்.

"என்ன ராசம்மா, எங்க கெளம்பிட்ட?"

"தண்ணிக்குங்க."

"தண்ணி கேக்கணும்னா வயல்ல பயிர் இருக்கணுமே."

"தண்ணி வந்தா பயிர் வருங்க."

"பயிர் வரட்டும், தண்ணி வுடுறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். அதில் இருவர் எங்கள் தெரு. பக்கத்து வயல் காத்தான் நல்லவன். "அத்தே, ராவோட ராவா வரப்ப வெட்டி வுட்டுர்றேன்" என்றான். வேண்டாம் என்றேன். அவன் பேரும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது.

இப்போது தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ். நான் சித்திரையிலேயே வயலைப் போட்டுவிட்டுத் தஞ்சாவூரில் பேரன் வீட்டோடு போய்விட்டேனாம். அன்றையிலிருந்து வயலில் கால் வைக்கவில்லையாம். பேரை அடிக்க வேண்டும் என்று மனு. ஜூலை 31 விசாரணை. தினமும் இரண்டு தடவை அந்த மண்ணைக் குத்தினவள் நான். சாட்சி சொல்ல இந்த ஊரில் ஒரு வாய் திறக்காது.

உன்னிடம் ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். உனக்கு எழுதினால் ஆனந்தவல்லிக்குப் போகும். வயல் போகிறது என்று தெரிந்தால் அவள் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. இரண்டு மணிக்கு அந்த வேம்படியில் உட்கார்ந்தால் எனக்கு நாற்று தெரிந்தது. தெரிந்ததைத்தான் எழுதினேன்.

அந்தக் கார்டுகளை எரித்துவிடு. பேத்தி கண்ணில் படக் கூடாது.

ராசம்மாள்


தோப்புத்துறை,
22-7-72

ராசம்மா,

எரிக்க மாட்டேன். இத்துடன் பதிவுத் தபாலில் எல்லாவற்றையும் உனக்கே அனுப்புகிறேன். எண்ணிப் பார், ஒன்பது நம்பர் கார்டு. ஒவ்வொன்றிலும் நீடாமங்கலம் தபால் முத்திரை, தேதியோடு. தஞ்சாவூரில் உட்கார்ந்திருந்தவள் வாராவாரம் நீடாமங்கலத்தில் எப்படித் தபால் போட்டாள் என்று அந்தக் குடைக்காரர் சொல்லட்டும்.

ஒரு சங்கடம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒன்பதிலும் நாற்று இருக்கிறது. அதிகாரி அதையும் வாசிப்பார். சபையில் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒளித்து வைத்தால் மானம் மிஞ்சும், வயல் மிஞ்சாது. நான் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் புத்தி சொல்லவில்லை. ஒன்று மட்டும். அந்தக் கார்டுகளில் சொல் பொய், நம்பர் நிஜம். இரண்டும் உன் கையெழுத்து.

இன்று கடல் 29.

ஹலீமா


நெல்லித்திடல்,
6-8-72

அன்புள்ள ஹலீமாவுக்கு ராசம்மாள் ஆற அமர எழுதுவது.

31ஆம் தேதி காலையில் கார்டுக் கட்டை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போனேன். கொடுப்பதா வேண்டாமா என்று படி ஏறும்வரை முடிவில்லை. குஞ்சிதபாதம் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "தஞ்சாவூர்லேர்ந்து எப்ப வந்த?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டார். அப்போதுதான் முடிச்சை அவிழ்த்தேன்.

தாசில்தார் இளவயசுக்காரர். முத்திரையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சத்தமாக வாசித்தார்: "'நாற்று முழங்கால் உயரம், பார்த்தால் திருஷ்டி படும்.' இது நீங்க எழுதினதாம்மா?" நம்பர் கார்டோடு சண்டைக் கடிதத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறாய், நல்ல காரியம் செய்தாய் போ.

குஞ்சிதபாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாத்தாவது ஒண்ணாவது! அந்த வயல்ல எறும்பு கால் வெச்சாக்கூடப் பொசுங்கிடுங்க."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஹலீமா, என் காது இரண்டும் கொதித்தது. குச்சி இருந்தால் குத்திப் பார்த்திருக்கலாம்.

"நாத்து பொய்ங்க" என்றேன். "நான் எழுதின பொய். அதோட இருக்குற நம்பர் நெசம். மண்ணு அவ்வளவு சூடு. அவரும் அதத்தான் சொல்றாரு."

"ஏம்மா பொய் எழுதினீங்க?"

"படிக்கிற பேத்திங்க. தெரிஞ்சா வந்துருவா."

அவர் கார்டுகளை அடுக்கி மேசையில் வைத்தார். பிறகு குஞ்சிதபாதம் பக்கம் திரும்பி, "ஊர்லயே இல்லாதவங்க மண்ணுச் சூட எப்படி எழுதினாங்க? அது கெடக்கட்டும், சுத்தி எல்லா வயலும் தண்ணி, இது மட்டும் ஏன் பொசுங்குது?" என்றார்.

மதியம் ஜீப்பில் என் வயலுக்கே வந்துவிட்டார்கள். பாதி ஊர் பின்னால். "மணி ரெண்டாச்சு, குத்துங்கம்மா" என்றார். "வண்டி இன்னும் ஊதலிங்களே" என்றேன். தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். எனக்கு மனசு வரவில்லை. அவரும் என்னோடு வேம்படியில் நின்றார். ஊதியதும் குத்தினேன். ஐம்பத்தொன்று. அவரே குனிந்து வாசித்தார். குச்சியை வாங்கிக்கொண்டு ஒரு முழ வரப்பைத் தாண்டிக் காத்தான் வயலில் விட்டார். முப்பத்து நான்கு. திரும்பி வந்து மறுபடி என் மண்ணில். ஐம்பத்தொன்று. பிள்ளை விளையாடுவதுபோல் இரண்டு மூன்று தடவை தாண்டித் தாண்டிப் பார்த்தார்.

பிறகு மடைக்குப் போனார். அடைத்த மண்ணைச் செருப்பு முனையால் தட்டினார். அதில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. "இது எப்பப் போட்டதுங்க?" குஞ்சிதபாதம் குடையை மடக்கினார், விரித்தார். "வெட்டுங்க" என்றார் அதிகாரி. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் காத்தானிடம் மண்வெட்டியை வாங்கி வெட்டினேன். முட்டிவலி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

தண்ணீர் முதலில் நகரவில்லை, வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மண் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஆவி எழும்பிற்று. பிறகு நிரம்பி, மெதுவாகப் பரந்து, வானத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தது. சேலையை ஒதுக்கவில்லை, நனைய விட்டேன்.

பேர் நிற்கிறது. மனுவைத் தள்ளிய காகிதம் கைக்கு வர ஒரு மாதம் ஆகுமாம். குறுவை போனது போனதுதான், அதை யாரும் திருப்பித் தர முடியாது. சம்பாவுக்கு நேற்று விதை தெளித்தேன். இது மெய்யான நாற்றங்கால், வேண்டுமானால் லாரியில் போகும்போது மூஸா இறங்கிப் பார்க்கட்டும். ஆனந்தவல்லிக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவள் வரவில்லை. பதிலுக்கு, "தண்ணீர் பாய்ந்த பிறகு எடுத்த நம்பரை உடனே அனுப்பு" என்று எழுதியிருக்கிறாள். எழுதிக்கொள்: நேற்று மதியம் 33, இன்று 32. உன் கடலுக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரிதான்.

இன்னொன்று. கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது தாசில்தார் கேட்டார்: "இந்த ஹலீமா பீவி யாரும்மா? நேர்ல வந்து சாட்சி சொல்லுவாங்களா? எப்படி இருப்பாங்க?" கூடப் படித்தவள் என்றேன். எப்படி இருப்பாள் என்று நான் எதைச் சொல்வது? உன்னைக் கடைசியாகப் பார்த்தது உன் வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த அன்று, இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. உன் தலை நரைத்திருக்கிறதா, பல் இருக்கிறதா, கண்ணாடி போடுகிறாயா, ஒன்றும் தெரியாது. எனக்காகத் தினமும் கடலோரம் நின்றவளை வழியில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போய்விடுவேன். மூஸாவைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் உட்கார். முக்காடு இருக்கட்டும், முகம் தெரிந்தால் போதும். புதிய போட்டோ ஒன்று எடுத்து அடுத்த தபாலில் போடு.

ராசம்மாள்